பொன்னாடையோடு வந்தவர்கள்

அம்மன் கோயில் கொடியேறி நயினாதீவு முழுக்கச் சனம். அதற்குள் என் மனிசனுடைய பழைய கந்தோர்ச் சிநேகிதர்மார் மூன்று பேர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறார்களாம். பதின்மூன்று வருடமாக இருக்கிறியா செத்தியா என்று கேட்காதவர்களுக்கு இப்போது என்ன திடீர்ப் பாசம்?

"பொன்னாடை போத்தப் போகினமாம்," என்றார் இவர், ஏதோ காலில் புண்ணுக்கு மருந்து கட்ட வருகிறார்கள் என்ற மாதிரி.

"உங்களுக்கோ? இந்த வெக்கைக்கோ?" என்றேன் நான். இவர் சிரித்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

இவர், மார்க்கண்டு, முன்பு கொழும்பில் ஒரு கந்தோரில் கிளார்க். ஐம்பத்தாறில் சிங்களம் மட்டும்தான் ஆட்சி மொழி என்று சட்டம் வந்தது. பிறகு, சிங்களச் சோதனை பாஸ் பண்ணாவிட்டால் சம்பள உயர்வு இல்லை, அதற்கும் பிறகு உத்தியோகமே இல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாக உத்தரவு. இவர் எழுத மாட்டேன் என்றார். எழுதவும் இல்லை. அறுபத்தொன்றில் பெட்டி படுக்கையோடு ஊருக்கு வந்தோம். இவர் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் ஆனார். மூன்று சிநேகிதர்மாரும் சத்தமில்லாமல் எழுதிப் பாஸ் பண்ணினார்கள். தம்பிராசா பெரிய ஒபிசராகவே பென்சன் எடுத்தார். எடுக்கட்டும், எனக்கென்ன? ஆனால் அந்த வாயால் பிறகு தமிழ் தமிழ் என்று மேடையில் முழங்கினார் பாருங்கள், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அன்றைக்கு எனக்கிருந்த பயம் வேறு. எங்கள் மகள் மீனலோசனிக்குக் கொழும்பில் கிளார்க் வேலைக்கு இன்டர்வியூ வந்திருந்தது. வேலை கிடைத்தாலும் சிங்களம் பாஸ் பண்ணினால்தான் நிலைக்கும். அதனால் ஊரிலுள்ள புத்த விகாரைக்குப் பக்கத்தில் தேத்தண்ணிக்கடை வைத்திருக்கும் சிங்களப் பெண் சோமாவதியிடம் ஒரு வருடமாக அவளைச் சிங்களம் படிக்க விட்டிருந்தேன். இவருக்குச் சொல்லவில்லை. சொன்னால் என்ன சொல்வாரோ? தன் உத்தியோகத்தையே விட்ட மனிசன். வாயால் ஏலாது என்று ஒருமுறை சொல்லிவிட்டால் பிறகு அந்த அம்மனே வந்தாலும் மாற்ற முடியாது. திருவிழா முடியட்டும், நல்ல மனநிலை பார்த்துக் கேட்போம் என்று இருந்தேன்.

விருந்தாளிகளைக் கூட்டிவர இறங்குதுறைக்குப் போன மீனலோசனி, திரும்பி வந்ததும் நேரே குசினிக்குள் ஓடிவந்தாள்.

"அம்மா, அலுவல் கெட்டுப்போச்சு."

"என்னடி?"

"சிங்களக் கிழவியொராள் விகாரைக்குப் போற வழியைத் தம்பிராசா மாமாட்டைக் கேட்டவ. அவர் பேந்தப் பேந்த முழிச்சார். பாவமா இருந்தது, நான் சிங்களத்திலை மறுமொழி சொல்லிப்போட்டன். மூண்டு பேரும் என்னையே பாத்தவை."

இனி இவருக்கு முன்னால் போட்டு உடைத்துவிடுவார்களே! அந்தப் பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிங்களச் சோதனை பாஸ் பண்ணி ஒபிசரானவருக்கு ஒரு கிழவிக்கு வழி சொல்லத் தெரியவில்லை! என்ன சோதனையோ, என்ன பாஸோ.

முன் விறாந்தையில் மூவரும் கதிரை கொள்ளாமல் இருந்தார்கள். தம்பிராசாவுக்கு வேட்டிக்கு மேலே வயிறு தனியாக ஒரு ஆள் மாதிரி. ஆழ்வாப்பிள்ளை வந்ததிலிருந்து தன் கொழும்பு வெள்ளவத்தை வீட்டுக்குப் போட்ட மாபிளைப் பற்றியே கதைத்தார். பாலசிங்கம் மற்ற இருவரும் சிரித்தால் சிரித்தார், நிறுத்தினால் நிறுத்தினார். அந்தக் காலத்திலும் அப்படித்தான்.

சாப்பாடு முடிந்து பாயசம் வைக்கும்போது தம்பிராசா எழும்பிப் பொன்னாடையை விரித்தார்.

"நாங்களெல்லாம் பிள்ளை குட்டி எண்டு வளைஞ்சு குடுத்தனாங்கள். நீர் தனிய நிண்டனீர், மார்க்கண்டு. தனிய நிண்ட வீரன் நீர்!"

தனியவாம்! வெள்ளவத்தையில் எங்கள் சின்ன வீட்டில், நான் அவித்த புட்டைத் தின்றுகொண்டே, ஒருத்தரும் சோதனை எழுதுவதில்லை என்று கையில் அடித்துச் சத்தியம் பண்ணியவர்கள் இவரும் இந்த மூன்று பேருமாக நாலு பேர். அதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தவள் நான். அன்றைக்குப் புட்டு போதாமல் இன்னொரு நீத்துப்பெட்டி அவித்தேன். எழுந்து கேட்கலாம் போல இருந்தது. மகளை நினைத்து வாயைப் பொத்திக்கொண்டேன்.

ஆழ்வாப்பிள்ளை பாயச விரலை நக்கிக்கொண்டு தொடங்கினார்.

"அதுசரி மார்க்கண்டு, உம்மடை மகள் சிங்களம் வெளுத்து வாங்குறா. உமக்குத் தெரியுமோ?"

வாயை அடைக்க அவருக்கு இன்னொரு அகப்பை பாயசம் வார்த்தேன். மீனலோசனி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இது சரியில்லை," என்றார் தம்பிராசா. குரலில் மேடை வந்துவிட்டது. "தமிழுக்காக உத்தியோகத்தை விட்டவரின்ரை மகள் சிங்களம் படிக்கிறதோ? ஊர் என்ன சொல்லும்? நீர் இதை மறிக்கவேணும். நாளைக்கு நான் உம்மைப் பற்றி மேடையிலை என்னெண்டு பேசுறது?"

பாவி! தன்னுடைய இரண்டு மகன்மாரும் சிங்களத்தில் கடிதம் எழுதி உத்தியோகம் பார்க்கிறார்கள். என் பிள்ளை மட்டும் இவருடைய மேடைப் பேச்சுக்காகத் தீவுக்குள் கிடந்து காய வேண்டுமாம். நல்லாய் வாயில் வந்தது. அதற்குள் இவர் செருமினார்.

"தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

"அவள் படிக்கிறது தெரியும். கிணத்தடியிலை நிண்டு பாடமாக்குறவள், எனக்குக் காது கேளாதே? சோத்துக்கு உள்ள சொல்லை மட்டும் பிழையாச் சொல்லுறாள். முதலெழுத்தை வயித்திலை இருந்து எடுத்துச் சொல்லவேணும். ஒரு வருசமாத் திருத்தச் சொல்லி என்ரை நாக்குத் துடிக்குது." மகளைப் பார்த்தார். "எப்ப பிள்ளை இன்டர்வியூ?"

"வாற திங்கள், அப்பா."

"நானும் கூட வாறன்."

அவள் அழத் தொடங்கிவிட்டாள். எனக்கும் கண் கலங்கியது. ஒரு வருடம் நான் பொத்திப் பொத்தி வைத்ததை இந்த மனிசன் கிணற்றடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது! சண்டை பிடிக்கவேண்டிய விஷயம்தான். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தம்பிராசாவின் முகம் செத்துப்போயிற்று. விரித்த பொன்னாடையை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"உமக்குச் சிங்களம் தெரியுமோ?"

"கந்தோருக்குக் கீழை தேத்தண்ணிக்கடைச் சிங்களப் பெடியளோடை அதிலைதானே பகிடி விட்டுச் சிரிச்சனான். எனக்கு ஏன் தெரியாது?"

"அப்ப என்ன விசருக்கு உத்தியோகத்தை விட்டனீர்? எழுதியிருந்தா முதலாவதாப் பாஸ் பண்ணியிருப்பீரே!"

இவருக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. அந்த மூன்று முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"நான் வீரனுமில்லை, ஒண்டுமில்லை, தம்பிராசா," என்றார். "நாலு பேரும் எழுதிறேல்லை எண்டு சொன்னம். நான் உங்கள் மூண்டு பேரையும் நம்பினன்."