பால்மா ரின்னுக்கு வந்த பதில்

காலை ஏழரைக்கு அம்புறோஸ் சுட்டார். ஒரேயொரு வெடி. அந்த ஓசை ஏரியைச் சுற்றிப் போய்த் திரும்பி வந்தது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

டனிஸ்ரன் பால்மா ரின்னை மடியில் வைத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் குந்தியிருந்தான். ரின்னின் அடியில் ஓட்டை போட்டுச் சப்பாத்துக் கயிறு ஒன்றைக் கோத்திருந்தான். கயிற்றை நனைத்து, விரல்களால் இறுக்கிப் பிடித்து இழுத்தால் ரின் நீளமாக முனகும். வடகாட்டுப் பெரிய மானான மூஸில், பெண் ஆணைக் கூப்பிடுகிற குரல் அது. ஒரு மாதமாக மொன்றியாலின் வில்லரேயில், வீட்டின் நிலக்கீழ் அறையில் இருந்து பழகியிருந்தான். மேல்வீட்டுக்காரி ஒருநாள் இறங்கி வந்து, யாருக்காவது சுகமில்லையா என்று கேட்டாள்.

இன்று விடிந்ததும் இழுத்தான். மூடுபனிக்குள் இருந்து பதில் வந்தது. ஆண் மூஸின் கட்டைக் குரல். பிறகு கிளை முறிகிற சத்தம். அவன் இழுக்க இழுக்க அது கிட்ட வந்தது.

"பட்டதோ அத்தான்?"

"பட்டிருக்கும்."

"கண்டனீங்களோ?"

"கறுப்பா ஒண்டு அசைஞ்சது."

"கொம்பு?"

"இந்தப் பனிக்குள்ள கொம்பை ஆர் கண்டது?"

அம்புறோஸ் அவனுடைய அக்கா றோசாவின் கணவர். ஐம்பத்தைந்து வயது. பாண் தொழிற்சாலையில் வேலை. மூன்று வருடமாக வேட்டை அனுமதி எடுத்து வடக்கே வந்து வெறுங்கையோடு திரும்பியவர். இந்தமுறை கோயில் பங்குச் சனம் எல்லோருக்கும் மூஸ் இறைச்சி என்று பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

சுட்டவுடன் போகக்கூடாது. காயப்பட்டது எழும்பி ஓடும். அரைமணித்தியாலம் விட்டால் படுத்துவிடும். அதனால் இருவரும் ஒரு மரக்குற்றியில் இருந்து, றோசா கட்டித் தந்த ரோல்ஸைச் சாப்பிட்டார்கள். அம்புறோஸ் இரண்டாவதைக் கடித்துவிட்டு மெல்லாமல் இருந்தார்.

"விழுந்த சத்தம் கேட்டதோ உனக்கு?" என்று கேட்டார்.

"இல்லை."

"ஓடின சத்தம்?"

"அதுவும் இல்லை."

"ஏதாவது ஒண்டு கேக்கோணுமே."

பிறகு நடந்தார்கள். ஏரியில் கறுப்பு அசைந்த மறுகரைக்கும் அவர்களுக்கும் நடுவில் சதுப்பு. இரண்டு எட்டில் தண்ணீர் சப்பாத்துக்கு மேலே வந்துவிட்டது. கால் நிலத்தைத் தொடவில்லை. திரும்பி வந்தார்கள். போனில் இறக்கி வைத்திருந்த வரைபடத்தில், மரம் வெட்டியவர்கள் முன்பு போட்ட பாதை ஒன்று மறுபக்கமாகப் போனது. அம்புறோஸ் துவக்கை வெறுமையாக்கி உறையில் போட்டுப் பின்பெட்டியில் வைத்தார்.

கார் டனிஸ்ரனின் மனைவி பிரியந்தியுடையது. சிறியது, பதிந்தது. பின் இருக்கையில் மகளின் குழந்தை ஆசனம் கட்டியபடியே இருந்தது. அம்புறோஸின் வான் திருத்தத்துக்குப் போயிருந்ததால் அதை எடுத்து வந்தார்கள். பிரியந்திக்குத் தார் ரோட்டில் மட்டும் ஓடுவதாகச் சொல்லியிருந்தான்.

பாதை முதலில் கல்லாக இருந்தது. பிறகு மண். பிறகு நடுவில் புல் முளைத்த இரண்டு சில்லுத் தடம். இரண்டு இடத்தில் பிரிந்தது. வரைபடத்தில் அப்படிப் பிரியவில்லை.

"இடப்பக்கம் எடு," என்றார் அம்புறோஸ்.

"ஏரி வலப்பக்கம் அல்லோ?"

"அப்ப ஏன் என்னட்டக் கேட்டனி?"

"நான் கேக்கேல்லை."

இடப்பக்கம் எடுத்தான். சிறிது நேரத்தில் கீழே இறங்கும் ஓரிடத்தில், காய்ந்த இலை மூடிய பள்ளத்தில் முன்சில்லு இரண்டும் புதைந்தன. காரின் அடிவயிற்றில் கல் உரசிய சத்தம். டனிஸ்ரன் றிவேர்ஸ் போட்டான். சில்லு சுழன்றது. கார் இன்னும் கொஞ்சம் கீழே போனது.

இறங்கிப் பார்த்தார்கள்.

"தார் ரோட்," என்றார் அம்புறோஸ்.

"சும்மா இருங்கோ."

"நான் ஒண்டும் சொல்லேல்லை. பிரியந்திக்கு நீயே சொல்லு."

கால்மிதிகளை எடுத்துச் சில்லுக்கு முன்னால் செருகினார்கள். சில்லு அவற்றை இழுத்துப் பின்னால் எறிந்தது. ஜாக்கியை வைத்து உயர்த்தப் பார்த்தார்கள். கார் எழும்பவில்லை. ஜாக்கி சேற்றுக்குள் இறங்கியது. அம்புறோஸ் கத்தியால் ஊசியிலைக் கிளைகளை வெட்டி வந்து போட்டார். தள்ளும்போது முழங்கால் வரை சேறு பூசிக்கொண்டார். போனில் சிக்னல் ஒரு கோடும் இல்லை.

டனிஸ்ரன் என்ஜினை நிறுத்தினான். காடு முன்போலவே இருந்தது. எந்தப் பக்கம் ஏரி என்று தெரியவில்லை. எந்தப் பக்கம் சுட்டார்கள் என்றும் தெரியவில்லை. வெயில் மூடுபனிக்குள் எல்லாப் பக்கமும் ஒரேமாதிரிப் பரவியிருந்தது.

"அத்தான்."

"ம்."

"நான் இழுத்ததுக்கு அது பதில் சொன்னதெல்லோ."

"ஓம். வடிவாச் சொன்னது."

"நான் மூண்டு தரம் இழுத்தா மூண்டு தரம் சொன்னது. பிறகு நான் இரண்டோட விட்டன். அதுவும் இரண்டோட விட்டுது."

அம்புறோஸ் கையிலிருந்த கிளையைக் கீழே வைத்தார்.

"மிருகம் எண்ணுமோ?" என்று டனிஸ்ரன் கேட்டான்.

"விசர்க்கதை கதையாதை."

"கேக்கிறன் தானே."

"வேட்டைக்கு வந்த ஆளெண்டா செம்மஞ்சள் அங்கி போட்டிருக்கும். சட்டம். கண்டிருப்பன்."

"நீங்கள் காலமை குளிருக்கு அதுக்கு மேல கோட் போட்டுக்கொண்டு இருந்தனீங்கள்."

அம்புறோஸ் குனிந்து தன்னைப் பார்த்தார். கறுப்புக் கோட் இப்போதும் மேலே இருந்தது. பொத்தான்களைக் கழற்றி, அதைச் சுருட்டிக் காருக்குள் எறிந்தார். உள்ளே செம்மஞ்சள் அங்கி சுருங்கிப்போய்க் கிடந்தது. அதை இழுத்து நேராக்கினார்.

"மூஸும் எண்ணும்," என்றார். "ஏன் எண்ணாது? நாய் எண்ணுது."

"நாய் எண்ணுதோ?"

"சேர்க்கஸில."

டனிஸ்ரனுக்குச் சிரிப்பு வந்தது. அம்புறோஸுக்கும் வந்தது. இருவரும் கொஞ்சம் சிரித்தார்கள். பிறகு நிறுத்தினார்கள்.

"நடந்து போய்ப் பாப்பம்," என்றான் டனிஸ்ரன்.

"எந்தப் பக்கம்?"

அவன் ஒரு பக்கம் கையைக் காட்டினான். அம்புறோஸ் வேறொரு பக்கம் காட்டினார். இருவரும் கையை இறக்கினார்கள்.

"நான் இழுக்கட்டோ? பதில் வந்தா, அது உயிரோட..."

"அது எண்டா எது?"

டனிஸ்ரன் ரின்னை எடுத்தான். கயிற்றை நனைக்கச் சேற்றுத்தண்ணீர் தான் இருந்தது. நனைத்து இழுத்தான். ரின் முனகியது. காத்திருந்தார்கள். மறுபடி இழுத்தான். அம்புறோஸ் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, காரின் பக்கம் திரும்பி நின்றார்.

பதில் வரவில்லை. மூஸ் விழுந்திருந்தாலும் வராது. ஆள் விழுந்திருந்தாலும் வராது. வெடிக்குப் பயந்து ஓடியிருந்தாலும் வராது. அவன் ரின்னை இருக்கைக்குக் கீழே தள்ளினான்.

அப்போது பின்னால் வாகனச் சத்தம் கேட்டது.

உயரமான பிக்கப் ஒன்று மேட்டில் வந்து நின்றது. அறுபது வயதுக்காரர் ஒருவர் இறங்கினார். செம்மஞ்சள் அங்கி, அதே நிறத் தொப்பி, இடுப்பில் வோக்கிரோக்கி. காரைப் பார்த்தார். காருக்குள் இருந்த குழந்தை ஆசனத்தைப் பார்த்தார்.

"பொன்ஜூர்," என்றார். பிறகு பிரெஞ்சில், "பிள்ளையையும் வேட்டைக்குக் கூட்டி வந்தீர்களா?"

டனிஸ்ரன் ஒன்பது வயதில் மொன்றியாலுக்கு வந்து பிரெஞ்சில் படித்தவன். பிள்ளை வீட்டில் என்று சொன்னான். அம்புறோஸுக்குத் தொழிற்சாலைப் பிரெஞ்சு தான் தெரியும். மா, அடுப்பு, கெதியாக. அவர் "பொன்ஜூர், பொன்ஜூர்" என்று சொல்லித் தலையை ஆட்டினார்.

வந்தவரின் பெயர் றெஜான். மொன்றியாலுக்குப் பக்கத்து லொங்குய் ஊர்க்காரர். இந்தக் காட்டுக்கு முப்பது வருடமாக வருகிறாராம். பேசிக்கொண்டே பின்னால் இருந்து அகலமான இழுவைப் பட்டியை எடுத்து வந்து, காருக்குக் கீழே படுத்துக் கொளுவினார். டனிஸ்ரனை ஸ்ரியறிங்கில் இருக்கச் சொன்னார். அம்புறோஸை விலகி நிற்கச் சொல்லிக் கையால் காட்டினார். பிக்கப் மெதுவாகப் பின்னே போனது. சேறு ஒருமுறை உறிஞ்சியது. கார் வெளியே வந்தது.

"மெர்சி, மெர்சி," என்றார் அம்புறோஸ். றெஜானின் கையை இரண்டு கையாலும் பிடித்தார்.

"இந்தப் பக்கம் என்ன தேடி வந்தீர்கள்? இது முடிகிற பாதை."

"ஏரிக்கு மறுபக்கம் போக நினைத்தோம்," என்றான் டனிஸ்ரன்.

"இதுதான் மறுபக்கம். ஏரி அதோ, மரங்களுக்குப் பின்னால். நானும் அங்கே தான் போகிறேன். என் தம்பி மார்செல் அங்கே இருக்கிறான்."

டனிஸ்ரன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"விடிய வோக்கியில் கூப்பிட்டான்," என்றார் றெஜான். பட்டியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "குசுகுசு என்று பேசினான். பெண் ஒன்று கூப்பிடுகிறது, நான் ஆண்போலப் பதில் சொல்கிறேன், நல்ல கிட்ட, நீ வராதே, வந்து கெடுத்துவிடாதே என்றான். சின்னப்பிள்ளைபோலச் சந்தோஷம். அவனைப்போலக் குரல் எடுக்க இங்கே ஆளில்லை. வாயாலேயே செய்வான்."

"பிறகு?"

"பிறகு வெடி கேட்டது. விழுத்திவிட்டான்."

"ஒரு வெடியா?"

றெஜான் யோசித்தார். "இரண்டு."

"இரண்டா?"

"இரண்டு தான். இல்லாவிட்டால் ஒன்றும் அதன் எதிரொலியும். இந்த ஏரியில் அப்படித்தான், ஒன்று சுட்டால் நாலு கேட்கும். ஏன், நீங்களும் கேட்டீர்களா?"

டனிஸ்ரன் எண்ணிப் பார்த்தான். இரண்டு என்றால் மார்செலும் சுட்டிருக்கிறார். மார்செல் சுட்டிருந்தால் அங்கே உண்மையாகவே ஒரு மூஸ் இருந்திருக்கிறது. அல்லது மார்செல் சுட்டது பால்மா ரின்னின் சத்தத்தை நோக்கி. அல்லது ஒரு வெடிதான். ஏழரைக்கு அவன் கேட்டது ஒன்று. அதன் பிறகு ஓசை ஏரியைச் சுற்றி வந்தது. அது எதிரொலி என்று அவன் தான் முடிவு செய்திருந்தான்.

"கேட்டோம்," என்றான்.

றெஜான் வோக்கியை எடுத்து வாயருகில் பிடித்தார்.

"மார்செல்."

இரைச்சல்.

"மார்செல், என்னப்பா."

இரைச்சல்.

"எடுக்கமாட்டான். வயிற்றைக் கிழித்துக்கொண்டிருப்பான். இரண்டு கையிலும் இரத்தத்தோடு எப்படி எடுக்கிறது?" அவர் சிரித்தார். வோக்கியை இடுப்பில் மாட்டப் போய், மாட்டாமல் இன்னொருமுறை பார்த்தார். பற்றறி விளக்கு பச்சையாக இருந்தது. "அதோடு ஒரு காது கேளாது அவனுக்கு."

"உங்கள் தம்பி அங்கி போட்டிருக்கிறாரா?" என்று டனிஸ்ரன் கேட்டான்.

"போட்டிருப்பான். ஏன்?"

"சும்மா."

றெஜான் அவனைப் பார்த்தார். பிறகு அம்புறோஸைப் பார்த்தார். அம்புறோஸ் சிரித்தார். சேற்றுக் கையை உயர்த்தி இன்னொருமுறை மெர்சி சொன்னார். றெஜானும் சிரித்துவிட்டு, பிக்கப்பை நோக்கி நடந்தார்.

"காரை இங்கே விட்டுவிட்டு என்னோடு ஏறுங்கள்," என்று திரும்பாமல் சொன்னார். "பெரியது என்றால் நானும் அவனும் இழுத்துக் காணாது. நாலு பேர் என்றால் சுகம். உங்களுக்கும் பங்கு தருவோம்."

பிக்கப்பின் என்ஜின் உறுமியது. பக்கத்துக் கதவு உள்ளேயிருந்து திறந்தது. ஆசனத்தில் கிடந்த கையுறைகளை றெஜான் எடுத்துப் பின்னால் போட்டு இடம் செய்தார்.

மூடுபனி கலைந்திருந்தது. மரங்களுக்கு நடுவில் தண்ணீர் தெரிந்தது. அதற்கு அப்பால், அவர்கள் காலையில் குந்தியிருந்த கரை. இவ்வளவு கிட்ட என்று டனிஸ்ரன் நினைக்கவில்லை.

அம்புறோஸ் கைகளைப் புல்லில் துடைத்துக்கொண்டு அவனிடம் வந்தார். கார் வெளியே வந்ததில் முகம் தெளிந்திருந்தது.

"நல்ல மனுசன்," என்றார். "எங்கயோ வரச்சொல்லுறார் போல. போவமோ? கடகடவெண்டு கதைக்கிறார், எனக்கு ஒரு பேர் மட்டும் தான் பிடிபட்டது. டனி, ஆர் இந்த மார்செல்?"