விசை அவளுக்கு, சக்கரம் அவனுக்கு

ஆரின் ஹால்வர்சன் இருபத்தெட்டு வருஷம் மாவட்டச் சாலைகளில் பனி வாரும் லாரி ஓட்டியவன். மினசோட்டாவின் அந்த மூலையில் புயல் அடித்து ஓய்ந்த காலைகளில் முதலில் வெளியே கிளம்புகிற வண்டி அவனுடையதாகத்தான் இருக்கும். அப்படிப்பட்டவனுக்கு இடது கையில் நடுக்கம் வந்தது. பார்க்கின்சன் நோய்தான் என்று மருத்துவர் உறுதியாகச் சொன்னதும், யாரும் கேட்பதற்கு முன்பே போய்த் தன் ஓட்டுநர் உரிமத்தைக் கொடுத்துவிட்டு வந்தான். வீட்டுக்குள் நுழைந்து கார்ச் சாவியை மனைவி மார்லிஸிடம் நீட்டினான். இனிமேல் நீதான் என்றான்.

அவனுக்கென்று மிச்சமிருந்தது ஒரே ஒரு வண்டி. ரிமோட்டில் ஓடும் மான்ஸ்டர் டிரக். ஒரு பெரிய பூனையின் நீளம், உடம்புக்குப் பொருந்தாத குண்டுச் சக்கரங்கள், முதுகில் ஆரஞ்சுப் பெயின்ட். ஊருக்கு வெளியே பழைய ஜல்லிக் குழியில் ட்வேன் க்வாம் என்பவன் மண்ணைக் குவித்து மேடு பள்ளமாக ஒரு ஓடுதளம் போட்டிருந்தான். பனி உருகியதிலிருந்து மறுபடி விழும்வரை ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கே இப்படிப்பட்ட வண்டிகள் பந்தயம் விடும். ஆரினின் டிரக் பழசு. சோம்பேறி மோட்டார், பிளாஸ்டிக் பற்சக்கரங்கள். மேட்டில் ஏறும்போது அது முனகுவதைக் கேட்டு ட்வேன், அதற்கு ஒரு கைத்தடி வாங்கிக் கொடு என்று சீண்டுவான்.

என்னவெல்லாம் மாற்ற வேண்டும் என்று ஆரின் எழுதிய பட்டியல் இரண்டு வருஷமாக ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிக் கிடந்தது. உரிமத்தைக் கொடுத்த அந்தக் குளிர்காலத்தில்தான் அத்தனையையும் மொத்தமாக வரவழைத்தான். பிரஷ் இல்லாத, வேகம் கூடிய புது மோட்டார், அதற்கேற்ற லித்தியம் பேட்டரி, எஃகுப் பற்சக்கரங்கள், எண்ணெய் ஊற்றிய ஷாக் அப்சார்பர்கள். மார்ச்சில் பெட்டி வந்து சேர்ந்தது.

அன்று மார்லிஸ் வேலை முடிந்து வந்தபோது சமையலறைத் தரையில் அவன் மண்டியிட்டுக் கிடந்தான். மேஜைமேல் டிரக் பாதி பிரிந்திருந்தது. எறும்பு அளவு திருகுகள் தரையெல்லாம் சிதறியிருந்தன. நான்காவது தடவையாகக் கொட்டிவிட்டதாம். அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் குனிந்து பொறுக்கினாள். கடைசித் திருகு அடுப்புக்கு அடியில் அகப்பட்டது. எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, திருப்புளியைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள்.

"உனக்கு இதெல்லாம் தெரியாது, மார்," என்றான்.

"முப்பது வருஷமா ஊரார் வாய்க்குள்ள கைய விட்டு வேலை பாக்கறேன். இது கடிக்கவாவது கடிக்காது. எதை எங்க வைக்கணும்னு சொல்லு."

மார்லிஸ் பல் மருத்துவமனையில் பல் சுத்தம் செய்பவள். அவள் கை நடுங்காது. இருந்தாலும் முதல் நாள் மாலை இரண்டு பேருமே சிரமப்பட்டார்கள். 'அது', 'அங்கே' என்று அவன் சொல்வது எது, எங்கே என்று அவளுக்குப் புரியவில்லை. மறுநாளிலிருந்து ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லத் தொடங்கினான். திருகு கழன்று வராமலிருக்க நீலப் பசை ஒரு சொட்டு. மோட்டாரின் சின்னப் பற்சக்கரத்துக்கும் பெரியதற்கும் நடுவே ஒரு காகிதக் கீற்றை வைத்து, இரண்டையும் நெருக்கி, மோட்டாரின் திருகை இறுக்கிவிட்டுக் காகிதத்தை உருவிவிட வேண்டும். அந்த மெல்லிய இடைவெளிதான் கணக்கு. இறுகினால் சூடாகும், தளர்ந்தால் பல் தேயும். காகிதம் கிழியாமல் மடிப்பு மடிப்பாக வெளியே வந்தபோது அவளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் துளிர்த்தது. அவன் விளக்கைப் பிடித்துக்கொண்டான், வலது கையால். ஈயப் பற்று வைக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தான். நான்காம் நாள் வேலை முடிந்தது. பழைய பாட்டு ஒன்றை மூக்காலேயே முனகிக்கொண்டு அவன் பாத்திரம் துலக்கினான். மாதக்கணக்கில் கேட்காத முனகல் அது.

சனிக்கிழமை வீட்டு முற்றத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். அந்த ரிமோட் துப்பாக்கிப் பிடி போலிருக்கும். இடது கையில் பிடித்து ஆட்காட்டி விரலால் விசையை இழுத்தால் வேகம். பக்கத்திலுள்ள குட்டிச் சக்கரத்தை வலது கையால் திருப்பினால் வண்டி திரும்பும். பழைய மோட்டார் சோம்பேறி என்பதால் அவன் விரல் நடுக்கத்தை மன்னித்துவிட்டிருந்தது. புதியது எதையும் மன்னிக்கவில்லை. விரல் துடித்த ஒவ்வொரு துடிப்புக்கும் டிரக் ஒரு பாய்ச்சல் பாய்ந்தது. நின்றது, பாய்ந்தது, பின்னங்காலில் எழும்பியது, கடைசியில் கார் ஷெட் சுவரில் தலையைக் கொண்டுபோய் மோதியது. முன்சக்கரம் ஒன்று, அதைத் தாங்கும் பிளாஸ்டிக் கையோடு பிய்ந்து தொங்கியது.

ஆரின் ரிமோட்டைப் படிக்கட்டில் வைத்தான். "ட்வேன் கேட்டா குடுத்துடு," என்றான். உள்ளே போய் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டான். டிவியைப் போடவில்லை.

மார்லிஸ் ட்வேனுக்குப் போன் செய்தாள். மோட்டாரின் வேகத்தைப் பாதியாகக் குறைத்து வைக்கலாம், பொத்தான் அமுக்கினால் போதும் என்று அவன் சொல்லிக்கொடுத்தான். அதை வந்து ஆரினிடம் சொன்னதும், பாதி வேகத்துக்கு எதற்குப் புது மோட்டார் என்று அவன் திருப்பிக் கேட்டான். நியாயம்தான் என்று அவளுக்கே பட்டது. டிரக்கின் உடைந்த கைக்கு மாற்று வாங்கி வந்து தானே பூட்டினாள். பூட்டும்போதுதான் கவனித்தாள், தன் இடது கை சும்மா மேஜைமேல் கிடந்தது.

"உன் வலது கை நல்லாத்தானே இருக்கு?" என்றாள். "நீ திருப்பு. விசைய நான் புடிக்கறேன்."

நாலு பேர் சிரிப்பார்கள் என்றான். சிரிக்கட்டும், அவர்கள் பல்லின் லட்சணம் எனக்குத் தெரியும் என்றாள். அவன் உதட்டோரம் லேசாக அசைந்தது.

வியாழக்கிழமை மதியங்களில் தேவாலயத்தின் கார் நிறுத்துமிடம் காலியாக இருக்கும். அங்கே பழகினார்கள். அவள் அவனுடைய இடப்பக்கம் ஒட்டி நின்று ரிமோட்டைப் பிடித்து நடுவில் நீட்டுவாள். அவன் வலது கையைக் குறுக்கே கொண்டுவந்து சக்கரத்தைத் திருப்புவான். அவனுடைய இடது கை கோட்டுப் பைக்குள் ஒளிந்திருக்கும்.

"வேகம் கொடு," என்பான்.

"கொடுத்துட்டுதான் இருக்கேன்."

"இதுவா? சவ ஊர்வலம்கூட இதைவிட வேகமாப் போகும்."

"நீ திருப்பாம மரத்தைப் பாத்துப் போனா, மரத்துமேலயா ஏத்தச் சொல்ற?"

முதல் வியாழன் முழுக்கச் சண்டை. இரண்டாம் வாரம் ஆரின் பேச்சைக் குறைத்தான். மூன்றாம் வாரம் அவன் கை பையிலிருந்து வெளியே வந்தது. வைக்க வேறிடம் இல்லாததுபோல் அவள் இடுப்பைச் சுற்றி வந்து தங்கியது. கோட்டுத் துணியைத் தாண்டி அந்த நடுக்கம் அவளுக்குத் தெரிந்தது. அதோடு இன்னொன்றும் தெரிந்தது. வளைவு வருவதற்கு முன் அவன் உடம்பு அந்தப் பக்கம் ஒரு இம்மி சாயும். மேடு வந்தால் மூச்சை இழுப்பான். அதன்பிறகு அவன் சொல்லும்வரை அவள் காத்திருக்கவில்லை. சாய்ந்தால் குறைத்தாள், மூச்சு இழுத்தால் கூட்டினாள்.

மே மாதத்து இரண்டாவது ஞாயிறு பந்தயத்துக்குப் போனார்கள். ஆறு வண்டிகள், ஐந்து சுற்று. இருவரும் ஒட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் பக்கத்து ஊரிலிருந்து வந்திருந்த லைல் பூஸா முகம் சுளித்தான். ஒரு வண்டிக்கு இரண்டு பேர் ஓட்டினால் அது என்ன பந்தயம் என்று கேட்டான். ட்வேன் பந்தய விதிகள் எழுதிய காகிதத்தை எடுத்து நிதானமாகப் படித்தான்.

"ஒரு வண்டிக்கு ஒரு ரிமோட்னு போட்டிருக்கு. எத்தனை கைன்னு போடல. உனக்கும் வேணும்னா பொண்டாட்டியக் கூட்டிட்டு வா, லைல். வந்தா."

கூட்டம் சிரித்தது, லைலும் சேர்ந்து சிரித்துவிட்டான். ஆரின் சிரிக்கவில்லை. அவன் கை அவள் இடுப்பில் வழக்கத்தைவிடப் பலமாக நடுங்கியது.

முதல் இரண்டு சுற்றும் ஆரஞ்சு டிரக் கடைசி. தூரத்து மூலையில் அடுத்தடுத்து இரண்டு மண்மேடுகள். எல்லா வண்டிகளும் முதல் மேட்டில் ஏறி இறங்கி, அடுத்ததில் மறுபடி ஏறின. முழு வேகத்தில் போனால் ஒரே தாவலில் இரண்டையும் கடக்கலாம். தவறினால் வண்டி சில்லுச் சில்லாகிவிடும். மூன்றாம் சுற்றில் அந்த மூலை நெருங்கும்போது ஆரின் மூச்சை இழுத்தான். இழுத்த மூச்சை விடவே இல்லை.

"விடாத, மார்."

அவள் வாழ்நாளில் வேக வரம்பைத் தாண்டியவள் இல்லை. விசையைக் கடைசிவரை இழுத்தாள். டிரக் மேட்டை விட்டுக் கிளம்பி, மூக்கை உயர்த்தி, வெகுநேரம் காற்றிலேயே இருப்பதுபோலிருந்தது. பிறகு நாலு சக்கரமும் ஒன்றாக மண்ணில் இறங்கின. ஷாக் அப்சார்பர்கள் அமுங்கி எழுந்தன. இரண்டு வண்டிகளைத் தாண்டியிருந்தார்கள். அடுத்த இரண்டு சுற்றிலும் அதே தாவல். மூன்றாவதாக முடித்தார்கள்.

இரண்டாவதாக வந்த லைல், டிரக்கைப் புரட்டிப் பார்த்து, இவ்வளவு சுத்தமாகப் பற்சக்கரம் பொருத்தியது யார் என்று ஆரினிடம் கேட்டான்.

"இவதான்," என்றான் ஆரின்.

திரும்பும் வழியில் சோளம் விதைக்கத் தயாராகக் கிடந்த கறுப்பு வயல்கள் இருபுறமும் வந்துகொண்டிருந்தன. மார்லிஸ் கார் ஓட்டினாள். ஆரின் வயல்களைப் பார்த்தபடி பேசினான்.

"இருபத்தெட்டு வருஷம் அந்த லாரியில தனியாத்தான் போனேன். அதுதான் பிடிச்சிருந்தது. பக்கத்துல ஆள் இருந்தா எப்படி இருக்கும்னு யோசிச்சதே இல்ல."

அவள் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை நீட்டி, அவன் இடது கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அது அவள் உள்ளங்கைக்குள் துடித்துக்கொண்டே இருந்தது. அடக்கப் பார்க்காமல் அப்படியே விட்டாள்.

அக்டோபரில் அவனுடைய வலது கையிலும் நடுக்கம் தொடங்கியது. காலை உணவின்போது கரண்டி தட்டில் தாளம் போட்டதை இருவரும் கேட்டார்கள். அந்த ஞாயிறு சக்கரத்தையும் அவளே பிடித்தாள். ஆரின் பின்னால் நின்று இரண்டு கைகளாலும் அவளைச் சுற்றிக்கொண்டு, அவள் காதருகில் எங்கே திரும்ப வேண்டும், எங்கே தாவ வேண்டும் என்று சொன்னான். ஐந்தாவதாக வந்தார்கள். இந்த டயர்கள் ஈர மண்ணில் வழுக்குகின்றன, இதைவிட ஆழமாக வெட்டிய டயர்தான் வேண்டும் என்று அவன் காரில் ஏறுவதற்குள்ளாகவே சொல்லத் தொடங்கிவிட்டான்.