பேச்சி வீட்டு வாத்து முட்டை

ராசப்பன் தன் வீட்டு அவித்த முட்டையைப் பிட்டு மஞ்சள் கருவைப் பார்த்து, "என்னட்டி, வெளுத்துக் கெடக்கு? பேச்சி வீட்டு வாத்து முட்டை செம்பருத்திப் பூ மாதிரில்லா இருக்கு" என்று சொன்ன நாளிலிருந்து அவன் பெண்டாட்டி சீனியம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. மட்டாஞ்சேரியில் அவர்கள் லைன் வீட்டுக்கும் பேச்சி வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். ஆகவே தெருவுக்கே சேதி தெரியும். மனுஷனுக்கு ருசி முட்டையிலா, முட்டைக்காரியிலா என்று குழாயடியில் கேட்காதவர்கள் இல்லை. சீனியம்மாளும் கேட்டாள், தன்னையே.

வயிறெரிச்சலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அவள் தன் நாலு கோழிக்கும் ரேஷன் அரிசியை அள்ளிப் போடுகிறாள். பேச்சி தன் ஆறு வாத்துக்கு ஒரு பருக்கை போட்டு யாரும் பார்த்ததில்லை. காலையில் கதவைத் திறந்து, "போங்கடி" என்பாள். அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சீனியம்மாள் வாத்துகளின் பின்னாலேயே போய்விட்டாள். அவை வரிசையாகப் பின்பக்கத்து வாய்க்காலில், ஊர்க்காரர்கள் சொல்கிற தோட்டில், இறங்கின. மழைக்காலம் முடிந்து, வாய்க்காலில் பாசி பச்சைப் பாயாக விரிந்து வெயிலில் கிடந்தது. பாசியை நத்தையும் கூனி இறாலும் தின்றன. நத்தையையும் கூனியையும் வாத்து தின்றது. அந்த வாத்து இட்ட முட்டையைத் தன் புருஷன் தின்றுவிட்டு வந்து தன்னிடமே புகழ்கிறான்! முட்டையின் சிவப்பு எங்கிருந்து வருகிறது என்று புரிந்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"நடுவுல நத்தைக்கு எதுக்குப் பங்கு?" என்று ஒரு கூடைப் பாசியை அள்ளி வந்து நேரே கோழிகளுக்குக் கொட்டினாள். கோழிகள் கிளறின, அதில் நடந்து பார்த்தன, பிறகு அரிசிக்காகக் கத்தின.

தனக்கு உதவாத பாசி பேச்சிக்கு மட்டும் எதற்கு?

ராசப்பன் நகரசபையில் வாய்க்கால் சுத்தம் பண்ணும் வேலைக்காரன். சொந்த வீட்டுப் பின்புறத்தை மட்டும் தொட்டதில்லை என்று பெயர். "கொசு புடுங்குதுங்க. உத்தியோகம் பாக்குறது ஊருக்குத்தானா?" என்று சீனியம்மாள் மூன்று நாள் குத்தினாள். நாலாம் நாள் ஆட்களோடு வந்து, பாசியை வாரி, சேற்றை இழுத்து, தண்ணீரைக் கண்ணாடியாக்கிவிட்டான். டீக்கடை முகமது இஸ்மாயில்கூட, "ராசப்பன் சேட்டா, கலக்கி கேட்டோ!" என்று மெச்சி ஓசிச் சாயா கொடுத்தார். சீனியம்மாள் அன்றைக்கு இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

பத்துப் பன்னிரண்டு நாளில் வாத்துகள் முட்டையிடுவதை நிறுத்தின. அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. ஆனால் ராசப்பன் சாயங்காலம் தூண்டில் போட்டால் சிலேப்பி ஒன்றும் கடிக்கவில்லை. மீனும் அந்தப் பச்சையைத்தான் நம்பியிருந்தது போல. சீனியம்மாளின் குழம்புச் சட்டியில் புளி மட்டும் கொதித்தது. அவள் வீட்டுப் பூனை பக்கத்துத் தெருவுக்குக் குடிபோனது.

அப்புறம்தான் அடி விழுந்தது. பேச்சி வாத்துகளைக் கூடையில் போட்டுக் கொண்டு, "சுள்ளிக்கல்ல அக்கா வீட்டுப் பொறத்தால தோடு நெறையப் பாசி. அங்க விட்டுட்டு நானும் கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன் மதினி" என்றாள். அடுத்த ஞாயிறு ராசப்பன் வெள்ளை வேட்டி கட்டினான்.

"எங்க?"

"சுள்ளிக்கல் பக்கம். ஒரு வேலை."

"ஞாயித்துக்கெழமை எந்த வாய்க்கா அண்ணாச்சியக் கூப்புட்டுச்சு?" என்று பேச்சி அழைக்கும் சொல்லையே எடுத்தாள்.

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போய், நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு திரும்பி வந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவரை பேச்சி தன் கண்ணிலாவது பட்டுக்கொண்டிருந்தாள். இப்போது அதுவும் இல்லை.

மறுநாளே சீனியம்மாள் இரண்டு சாக்கோடு சுள்ளிக்கல் தோட்டில் இறங்கினாள். முட்டுவரை சேற்றில் நின்று வாரும்போதுதான் கணக்கு விளங்கியது: ஒரு தோடு நிறையப் பாசி தின்றால் நத்தை ஒரு கூடை தேறும். அந்தக் கூடை நத்தை வாத்துக்குள் போய், நடக்க, நீந்த, சண்டை போடச் செலவானது போக, மிஞ்சுவது நாலைந்து முட்டை. நத்தை ஓசிப் பங்கு வாங்கவில்லை. கோழிக்குச் சேராத பச்சையைத் தன் சதையாக்கி வாத்துக்குக் கொடுத்திருக்கிறது.

"எந்தா மதினி, இது?" கரையில் பேச்சி நின்றாள்.

"பாசி. நம்ம தோட்டுல விடத்தான். மொட்டையாக் கெடக்கு, பாக்கச் சகிக்கல."

"மொட்டையடிச்சது அண்ணாச்சிதானே?"

"சொன்னது நான்." வாயிலிருந்து வந்தேவிட்டது.

பேச்சி கரையில் குந்தினாள். "பாசி புடிச்சு, நத்தை வந்தா, வாத்தத் திருப்பிக் கொண்டாரேன்."

"கொண்டா. ஆனா ரெண்டு வாத்து எனக்கு."

"ஒண்ணு தரேன் மதினி. அண்ணாச்சிய வேணும்னா முழுசா நீங்களே வச்சுக்கோங்க."

சீனியம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. "ரெண்டு" என்று சொல்லி, சாக்கின் ஒரு முனையை அவள் பக்கம் நீட்டினாள்.