முதுகு திறந்த சட்டை

“அம்மா, மூஞ்சி இல்லாத பிள்ளைங்ககூட பள்ளிக்கூடம் போகுமா?”

சாப்பாட்டு மேசையில் விரித்திருந்த தாள்களைப் பார்த்து மகள் ஒருநாள் கேட்டாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது இருக்கும். வரிசை வரிசையாகச் சிரிக்கும் முகங்களுக்கு நடுவே, படம் எடுத்த அன்று வராத பிள்ளைகளுக்காக விட்டிருந்த சாம்பல் நிறக் கட்டங்களைத்தான் தொட்டுக் காட்டினாள். “அவங்க அன்னிக்கு லீவுடி” என்று சொல்லி அம்மா தப்பித்துக்கொண்டாள். அன்றிலிருந்து எந்தப் பக்கத்தை எடுத்தாலும் அம்மாவின் கண் முதலில் போய் நிற்பது சாம்பல் கட்டத்தில்தான்.

அவள் வேலை பார்த்த நிறுவனம் பள்ளிகளுக்கு ஆண்டு மலரும், படிப்பை முடித்துப் போகிறவர்களுக்கு நினைவு மோதிரமும் செய்து கொடுத்தது. கீழ்த்தளத்தில் மோதிரம், மேல்தளத்தில் மலர். கீழே மெருகு இயந்திரம் உறுமினால் மேலே கோப்பையில் தேநீர் நடுங்கும். மலர்ப் பிரிவுக்குப் பொறுப்பு அவள். அச்சுக்குப் போகுமுன் புரூஃப் தாளில் ஒவ்வொரு முகத்துக்கும் கீழே சரியான பெயர் இருக்கிறதா என்று பார்ப்பவளும் அவளே. அதனால் எல்லோருக்கும் ‘புரூஃப் அக்கா’.

இந்த வருடம் ஒரு விபரீதம் கண்ணில் பட்டது. முதல் புரூஃபில் சாம்பலாக இருந்த கட்டத்தில் இரண்டாம் புரூஃபில் ஒரு முகம் இருந்தது. ஸ்டுடியோ அனுப்பிய படங்களில் அந்த முகமே இல்லை. ஒன்று என்றால் போகட்டும், பக்கத்துக்குப் பக்கம் இதே கதை. பின்னணியில் அதே நீலம், அதே வெளிச்சம்.

கணினியில் படங்களை அடுக்கிப் பக்கம் கட்டுபவன் ஒருவன்தான். வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. கேட்டதற்கு மேல் ஒரு சொல் பேசமாட்டான். ‘வாய்ப்பூட்டு’ என்று பெயர் வைத்து, அதையும் சுருக்கிப் ‘பூட்டு’ என்றாக்கியிருந்தார்கள். மதியம் சோற்றைக்கூடத் தொடாமல் தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு எங்கோ கிளம்பிவிடுவான்.

“தம்பி, இந்தப் படம் ஏது?” என்று ஒருநாள் கேட்டாள்.

“கிடைச்சுதுக்கா” என்று திரையைச் சட்டென்று மாற்றினான்.

அதற்கு இரண்டு நாள் கழித்து முதலாளி அவளைக் கூப்பிட்டார். “ஒருத்தன் நம்ம கம்பெனி பேரைச் சொல்லிக்கிட்டு வீட்டுக்கு வந்து, பிள்ளையைப் படம் எடுக்கணும்னு கேட்டானாம். அந்தம்மா போன்ல கத்தித் தீர்த்துட்டாங்க. யாருன்னு நாளைக்குள்ள எனக்குத் தெரியணும். சீட்டைக் கிழிச்சு அனுப்பிடுவேன்.”

நாக்கு நுனிவரை வந்த பெயரை விழுங்கி, “விசாரிச்சுச் சொல்றேன் சார்” என்றாள்.

படியில் மோதிரங்களுக்கு மெருகு போடுபவள் எதிரே வந்தாள். மூக்கு நுனியெல்லாம் கருப்புத் தூள். “என்னடி, பேயறைஞ்ச மாதிரி வர்றே?” என்றவள், விஷயத்தைக் கேட்டதும் குரலைத் தாழ்த்தினாள். “நாம பூட்டுன்னு பேர் வெச்சோம், அவன் ஊர்ல இருக்கிற கதவையெல்லாம் திறக்கிறான் பாரு! உனக்கும் ஒரு பொண்ணு இருக்கு. யோசிக்காம பேரைச் சொல்லிடு.”

மறுநாள் காலை அவன் தண்ணீர் குடிக்கப் போனபோது பை நாற்காலிக்கு அடியில் இருந்தது. கணவனின் சட்டைப் பையில்கூடக் கேட்காமல் கைவிட்டதில்லை அவள். அன்று திறந்தாள். ஒரு காமிரா, நீலத் துணி, சீப்பு, பவுடர் டப்பா. அடியில் மடித்து வைத்த சின்னப் பள்ளிச் சட்டை. அதன் முதுகு கழுத்திலிருந்து கீழ்வரை கிழிந்திருந்தது. பையைப் பழையபடி மூடினாள். நேரே முதலாளி அறைக்கு ஓடினாள். அவர் வெளியே போயிருந்தார், சாயங்காலம்தான் வருவாராம்.

மதியம் அவன் கிளம்பியதும் பின்தொடர்ந்தாள். இரண்டு தெரு தள்ளி ஒரு குடியிருப்பின் மாடிக்கு ஏறினான். கடவுளை வேண்டிக்கொண்டே அவளும் ஏறினாள்.

வெளிச்சத்துக்காக வீட்டுக் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். உள்ளே ஒரு சிறுமி, தோளிலிருந்து மணிக்கட்டுவரை மாவுக்கட்டு. அவளுடைய அம்மா ஜன்னல் கம்பியில் நீலத் துணியைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவன் அந்தச் சட்டையை முன்பக்கமாகச் சிறுமிமேல் வைத்து, கை அசையாமல் ஓரங்களைப் பின்னால் செருகினான்.

“பின்னாடி கிழிஞ்சிருக்கே!” என்றாள் சிறுமி.

“படத்துல உன் முதுகை யாரு பார்க்கப் போறா? சிரி. சிரிக்காட்டி மோதிரக்கார அக்காவைக் கூட்டிவந்து மூக்குக்கு மெருகு போட்டுடுவேன்.”

சிறுமி குலுங்கிச் சிரித்தாள். இவனா வாய்ப்பூட்டு?

வாசலில் நின்றவளை அந்த அம்மாதான் முதலில் பார்த்தாள். “நீங்களும் கம்பெனியா? வாங்க. இந்தத் தம்பி வரலைன்னா இவ புத்தகத்துலயே இருக்கமாட்டா.”

திரும்பிப் பார்த்தவன் முகம் வெளிறியது. “அக்கா... காலியா ஒரு கட்டம் இருந்தா எனக்குக் கை ஓடமாட்டேங்குது. உங்ககிட்டச் சொன்னா வேண்டாம்பீங்களோன்னு பயம். ஒரு வீட்டுல முன்கூட்டிக் கேட்காமப் போய்த் தட்டிட்டேன். திட்டி அனுப்பிட்டாங்க.”

திட்டிய அம்மாமேல் தவறில்லை. பிள்ளை பெற்றவள் யாரும் அப்படித்தான் திட்டுவாள். ஆனால் இத்தனை வருடம் அந்தக் கட்டங்களைப் பார்த்து வருத்தப்பட்டதைத் தவிரத் தான் என்ன செய்தோம் என்று அவள் நினைத்தாள். போதாததற்கு அவன் பையையும் திறந்தாயிற்று.

சாயங்காலம் முதலாளி கேட்டார். “யாரு?”

“என் பிரிவு ஆள்தான் சார். வராத பிள்ளைங்க படத்தை எடுக்கத்தான் போனது. பள்ளிக்கூடத்துலயும் பெத்தவங்ககிட்டயும் முதல்ல அனுமதி வாங்கித் தரவேண்டியது நான். காலிக் கட்டம் நிரம்புறதைப் பார்த்தும் விசாரிக்காம விட்டுட்டேன். அந்தம்மாகிட்ட நானே போய் மன்னிப்புக் கேட்டுக்கறேன்.”

“ஆள் பேரைக் கேட்டேன்.”

“பொறுப்பு என்னோடது சார். என் பேரையே வெச்சுக்குங்க.”

“இந்த மாசம் உங்களை மேலாளரா போடறதா இருந்தேன். இனி அந்தப் பேச்சு வேண்டாம்.”

“சரிங்க சார்.”

வெளியே வந்தாள். அவன் எழுந்து நின்றான். “முதலாளி என்ன சொன்னார்க்கா?”

“இனிமே பெத்தவங்ககிட்ட முன்னாடியே கேட்டுட்டுத்தான் போகணும். நான் கேட்டுத் தர்றேன்.”

“அவ்வளவுதானா?”

“பின்னே மாலை போடுவாங்களா? வேலையைப் பாரு.”

அவன் நிம்மதியாகத் திரையின் பக்கம் திரும்பினான். பையைத் திறந்ததையும் அவள் சொல்லவில்லை, கை நழுவிப்போன மேலாளர் நாற்காலியையும் சொல்லவில்லை. இரண்டும் மேலே இருக்கிற கடவுளுக்குத் தெரியும், அது போதும். கோபக்கார அம்மாவின் வீடு எந்தத் தெரு என்று விசாரித்துக்கொண்டு படியிறங்கினாள்.