கிராணியம்மா எடுத்த பெரட்டு

கிந்தா நட்புக் கழகத்தின் சுற்றுலாச் செயலாளர் பதவிக்கு ஒன்பது வருஷமாக யாரும் என்னை எதிர்த்து நின்றதில்லை. என் திறமைக்குக் கிடைத்த மரியாதை என்று நான் சொல்லிக்கொள்வேன். இந்தத் தொல்லையை யார் தலையில் கட்டிக்கொள்வது என்று மற்றவர்கள் சொல்லிக்கொள்வார்கள்.

அறுபது தாண்டிய முப்பத்தொன்பது பேரை ஈப்போவிலிருந்து ஓர் ஊருக்குக் கூட்டிப் போய், ஒருவரும் குறையாமல் திருப்பிக் கொண்டுவருவது லேசான காரியமா? ஒருவர் சாப்பாட்டுக் கடையில் கண்ணாடியை வைத்துவிடுவார். இன்னொருவர் பஸ் கிளம்பும் நேரம் பார்த்துத்தான் தேங்காய் விலை விசாரிக்கப் போவார். அதனால் இரண்டு விதிகள் போட்டிருந்தேன். சொன்ன நேரத்துக்கு மேல் பத்து நிமிஷம் போனால் பஸ் கிளம்பிவிடும். தாமதமாக வந்தவர் மைக்கைப் பிடித்து எல்லாருக்கும் முன்னால் காரணம் சொல்ல வேண்டும். நாச்சியம்மை ஆச்சி மனுஷியா மிலிட்டரியா என்று பின் வரிசையில் பேசிக்கொள்வது என் காதில் விழாமல் இல்லை.

பஸ்ஸில் எல்லாரும் ஏறியதும் தலை எண்ணுவேன். அதற்குப் பெரட்டு என்று பெயர் வைத்தவள் கலாதேவி. தோட்டங்களில் விடிவதற்கு முன்னால் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் வாசிப்பார்களே, அது. செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, கையுறை ஃபேக்டரியில் இருபத்தெட்டு வருஷம் சூப்பர்வைசராக இருந்தவள் அவள். நான் எண்ண எழுந்தாலே, "எல்லாரும் ஒழுங்கா உட்காருங்க லா, கிராணியம்மா பெரட்டுக்கு வந்துட்டாங்க" என்பாள். கிராணி என்றால் பெரட்டில் பேர் வாசிக்கும் தோட்டத்துக் குமாஸ்தா. செட்டியார் வீட்டு ஆச்சிக்கு ஏற்ற பட்டம்தான் என்று பஸ்ஸே சிரிக்கும். வேறு யார் சொல்லியிருந்தாலும் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்கள். கலா சொன்னால் நானும் சிரிப்பேன். என் வீட்டுக்காரர் போன பிறகு என்னை 'நீ' என்று கூப்பிட ஈப்போவில் மிச்சமிருந்தவள் அவள் ஒருத்திதான்.

அந்தக் கலாவைத்தான் எட்டு மாதத்துக்கு முன்னால் ஆயர் தாவாரில் விட்டுவிட்டு வந்தேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு நிறுத்தியிருந்தோம். இரண்டரைக்குக் கிளம்ப வேண்டும். பத்து நிமிஷம் பார்த்தோம், அவள் வரவில்லை. போன் போட்டால் அவள் சீட்டில் இருந்த பைக்குள்ளிருந்தே சத்தம் வந்தது. டிரைவர் சுகுமாரன் என்னைத் திரும்பிப் பார்த்து, "இன்னும் அஞ்சு நிமிசம் பார்ப்போமா ஆச்சி?" என்றார். தன் சிநேகிதி என்றதும் விதியை வளைத்துவிட்டாள் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது என்ற வீம்பு எனக்கு. "ரூல்னா ரூல்தான். எடுங்க" என்றேன்.

முக்கால் மணி நேரம் கழித்து அடுத்த ஊரில் எங்களைப் பிடித்தாள். காய்கறி லாரி ஓட்டும் ஒரு சீனக் கிழவர் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். ஒரு கட்டு கங்கோங் கீரையோடு லாரியிலிருந்து இறங்கினாள். நான் மைக்கை நீட்டி, "காரணம் சொல்லு" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். கீரைக்கட்டை என் மடியில் வைத்தாள். நேராகக் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தாள். அதற்கப்புறம் ஒரு பேச்சு கிடையாது. பயணங்களுக்கு மட்டும் தவறாமல் வருவாள், கடைசி வரிசையில் உட்காருவாள், இறங்கிப் போய்விடுவாள்.

போன வாரம் கழக வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தாள்: "பாரிட் புந்தார் டிரிப்தான் எனக்குக் கடைசி. அப்புறம் என் பேரை எடுத்துருங்க." நான் அதற்கு ஒரு கட்டைவிரல் படம் போட்டேன். போட்ட மறு நிமிஷம் அந்தக் கட்டைவிரலைக் கடித்துத் துப்பலாம் போலிருந்தது. முப்பது வருஷம் அரசாங்க ஆபீசில் மற்றவர்களை மன்னிப்புக் கடிதம் எழுத வைத்துப் பழகியவளுக்கு, அந்தச் சொல் தன் வாயிலிருந்து வருவேனா என்றது. சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஈப்போவுக்குத் திரும்புவதற்குள் நான் வாயைத் திறந்தாக வேண்டும். இல்லாவிட்டால் கலா எனக்கு இல்லை.

பாரிட் புந்தாரைத் தாண்டி, வயலுக்கு நடுவே இருந்த ஒரு மலாய்க் கம்பத்துக்கு, அதாவது கிராமத்துக்கு, போனோம். நெல் விளைவதிலிருந்து அரிசியாகிற வரைக்கும் காட்டுவார்கள், பாய் முடையச் சொல்லிக்கொடுப்பார்கள், சாப்பாடும் போடுவார்கள். என் உதவியாளர் சேவுகன், பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயலில் இறங்கிய வேகத்தில் சேற்றுக்கு ஒரு செருப்பைக் காணிக்கை கொடுத்தார். மற்றவர்கள் செருப்பைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு இறங்கி, ஆளுக்கு ஆள் சேற்றை அள்ளிப் பூசி, பள்ளிப் பிள்ளைகள் கெட்டார்கள் போங்கள் என்று ஆக்கிவிட்டார்கள். கலா மலாய்ப் பெண்களோடு உட்கார்ந்து பாய் முடைந்தாள். அவள் என்ன சொன்னாளோ, அந்தக் கூட்டமே விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கும் அங்கே போய் உட்கார ஆசைதான். தூரத்தில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பது போலப் பாவனை செய்துகொண்டிருந்தேன்.

கடைசியில் மனசைத் திடப்படுத்திக்கொண்டு ஒரு கிளாஸ் ரோஸ் சிராப் தண்ணீரை அவளிடம் கொண்டுபோய் நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். நிமிராமல், "தெரிமா காசி" என்றாள். எட்டு மாதம் கழித்து எனக்குக் கிடைத்த முதல் வார்த்தை. அதுவும் யாரோ கடைக்காரிக்குச் சொல்வது போல மலாயில் ஒரு நன்றி. எனக்குக் கோபம்தான் வந்தது. அடுத்து சொல்ல நினைத்ததை விழுங்கிவிட்டுத் திரும்பினேன்.

மூன்று மணிக்கு எல்லாரும் ஏறினார்கள். யாராவது பின்தங்கியிருக்கிறார்களா என்று கழிப்பறை வரைக்கும் ஒரு தடவை பார்த்துவிட்டு வருவது ஆயர் தாவாருக்கு அப்புறம் வந்த பழக்கம். டிரைவர் பக்கத்து ஒற்றை சீட்டில் என் கைப்பையை வைத்துவிட்டு, "சேவுகன் அண்ணே, நீங்க பெரட்டு எடுங்க. உங்களையும் சேர்த்து முப்பத்தொன்பது வந்துட்டா ஃபுல்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

சாப்பாட்டு மண்டபத்துக்குப் பின்னால் இருந்த கழிப்பறையில் யாரும் இல்லை. வந்ததுதான் வந்தோம் என்று நானும் உள்ளே போனேன். குந்தி உட்காருகிற வகை. உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான், எழுந்திருக்க முடியவில்லை. வலது முட்டி பூட்டுப் போட்டதுபோல் நின்றுவிட்டது. சுவரில் பிடிக்க ஒன்றும் இல்லை. குழாயைப் பிடித்தேன், அது கையோடு வந்து புடவையெல்லாம் தண்ணீர். பிள்ளையாரில் தொடங்கித் தெரிந்த சாமிகள் அத்தனை பேரையும் கூப்பிட்டேன். வெளியே கேட்கும்படி கத்தியிருக்கலாம். முப்பத்தொன்பது பேர் ஓடிவந்து கதவை உடைத்து, என்னை அந்தக் கோலத்தில் பார்ப்பதை நினைத்தேன். உயிர் போனாலும் பரவாயில்லை என்று வாயை மூடிக்கொண்டேன்.

பக்கெட்டைக் கவிழ்த்து அதில் கையூன்றி, எப்படியோ எழுந்து, நொண்டிக்கொண்டே வெளியே வந்தால் பஸ்ஸைக் காணவில்லை.

பைக்குள் போன், பைக்குள் பர்ஸ், பை பஸ்ஸுக்குள். வாழைப்பழம் பொரித்துக்கொண்டிருந்த மலாய் அம்மாள் ஓடிவந்து, பஸ் போய்விட்டதே, உங்கள் தலைவர் ஆள் எண்ண மாட்டாரா என்று மலாயில் கேட்டாள். அந்தத் தலைவர் நான்தான் என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. பிறகு பாவப்பட்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, ஒரு தட்டுப் பிசாங் கோரெங்கும் வைத்தாள். அழுகையும் வந்தது, பசியும் வந்தது. இரண்டு தின்றேன்.

சேவுகன் மேல் பிழை இல்லை. நான் சொன்னபடி எண்ணியிருப்பார், முப்பத்தொன்பது சரியாக வந்திருக்கும். இனி ஈப்போ வரைக்கும் அந்தக் கணக்கில் ஒரு குறையும் தெரியாது. எல்லார் பேரையும் வாசிக்கிற கிராணியின் பேரை யார் வாசிப்பார்கள்? எனக்காக இன்னும் ஐந்து நிமிஷம் பார்ப்போமா என்று கேட்கக்கூட அங்கே ஆள் இல்லை. கலாவுக்காவது சுகுமாரன் கேட்டார், வேண்டாம் என்றவள் நான். அன்றைக்கு ஆயர் தாவாரில் வெறும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு அவள் நின்றபோது, ஒரு நாற்காலி போட யாராவது இருந்தார்களோ என்னவோ. அதைக்கூட நான் கேட்கவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

கால் மணி நேரம் போயிருக்கும். வாய்க்கால் கரையில் ஏதோ பெரிதாக வருவது தெரிந்தது. எங்கள் பஸ்தான், ஆனால் பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. அந்தக் கரை ரோட்டில் பஸ்ஸைத் திருப்ப இடமே கிடையாது. பஸ்ஸுக்குப் பின்னால் ஓர் உருவம் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு நொண்டி நொண்டி நடந்து வந்தது.

"கோஸ்தான் அண்ணே, கோஸ்தான்! லெஃப்ட்டுல வாய்க்கா இருக்கு, பார்த்து லா! வாங்க, வாங்க... சுடா, போதும், நிப்பாட்டுங்க!"

கலா.

மூச்சு வாங்க என் முன்னால் வந்து நின்றாள். நனைந்த புடவையைப் பார்த்தாள். முட்டியைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தாள்.

"முட்டியா?" என்றாள்.

தலையாட்டினேன். ஆட்டும்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

"கலா... ஆயர் தாவார்லயும்?"

"இருபது நிமிசம். பக்கெட்டைப் புடிச்சிக்கிட்டு உள்ளயே கெடந்தேன்" என்றாள், பஸ்ஸுக்குக் கேட்காத குரலில். "அதைப் போயி மைக்ல சொல்லச் சொன்ன நீ."

நான் நாற்காலியிலிருந்து எழ முயன்றேன். அவள் கையைக் கொடுத்தாள். நல்ல முட்டி ஒன்றுகூட இல்லாத இரண்டு பேரும் ஒருவரையொருவர் இழுத்துக்கொண்டு பஸ் படியில் ஏறினோம்.

சேவுகன் வேர்த்துக் கொட்டியபடி நின்றார். "முப்பத்தொன்பது கரெக்டா வந்துச்சு ஆச்சி. நான் ரெண்டு தடவை எண்ணினேன்."

"சீட்ல பை இருந்துச்சு, நீங்க பின்னால நிக்கிறீங்கன்னு நெனச்சு எடுத்துட்டேன். பஸ் கிளம்பினா நீங்க மைக்ல ஆரம்பிப்பீங்கல்ல, கண்ணாடி இருக்கா, போன் இருக்கா, பல்செட்டு இருக்கான்னு?" என்றார் சுகுமாரன். "இன்னிக்கு ஒண்ணும் வரல. ஆச்சி நல்ல மூட்ல இருக்காங்கன்னு எல்லாரும் நிம்மதியாத் தூங்கிட்டாங்க. கலாக்காதான் பின்னாலேருந்து கத்தினாங்க: 'நிப்பாட்டுங்கண்ணே! இன்னும் யாரும் நம்மள திட்டல. கிராணியம்மா ஏறல!'"

பஸ் சிரித்தது. நடுவிலிருந்து யாரோ, "ரூல்னா ரூல்தான்! மைக்! காரணம்!" என்று கத்த, எல்லாரும் கைதட்டிச் சேர்ந்துகொண்டார்கள். ஒன்பது வருஷக் கடனை ஒரே நாளில் தீர்க்கிற சந்தோஷம் அவர்களுக்கு.

கலா சட்டென்று மைக்கை எடுத்தாள். "பிசாங் கோரெங் திங்கப் போயிட்டாங்க லா. விடுங்க, வயசானவங்க."

எனக்காகப் பொய் சொல்கிறாள். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மைக்கை வாங்கினேன்.

"டண்டாஸ்ல உட்கார்ந்தேன், முட்டி புடிச்சிக்கிச்சு, எந்திரிக்க முடியல. இதுதான் காரணம்" என்றேன். "இந்த மாதிரிக் காரணத்தை மைக்ல சொல்லச் சொல்றது மகா மட்டமான ரூல். அதை இன்னியோட எடுத்தாச்சு. இனிமே நாற்காலி டண்டாஸ் இருக்கிற ஊருக்குத்தான் போவோம்."

அப்புறம் ஒரு கை உயர்ந்தது: "எனக்கும் முட்டிதான் ஆச்சி." இன்னொரு கை. கொஞ்ச நேரத்தில் பாதி பஸ் கையைத் தூக்கியிருந்தது. பயணம் வருகிற அன்று காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை என்று நாலைந்து பேர் ஒப்புக்கொண்டார்கள். ஒன்பது வருஷமாக நான் தலையை மட்டும்தான் எண்ணியிருக்கிறேன்.

"இன்னொண்ணு" என்றேன். குரல் நடுங்கியது, நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன். "ஆயர் தாவார்ல நான் பஸ்ஸை நிப்பாட்டியிருக்கணும். அஞ்சு நிமிசம் இல்ல, அஞ்சு மணி நேரம் ஆனாலும் இருந்திருக்கணும். கலா, என்னை மன்னிச்சிரு."

கலா என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக வயலைப் பார்த்தாள். மூக்கை முந்தானையில் துடைத்தாள். சேவுகன், என்ன செய்வதென்று தெரியாமல், தன் கடமையைச் செய்வோம் என்று மறுபடி எண்ண எழுந்தார்.

"நீங்க உட்காருங்கண்ணே" என்றாள் கலா. "உங்களுக்கும் எண்ணத் தெரியல, கிராணியம்மாவுக்கும் எண்ணத் தெரியல. அடுத்த டிரிப்லேருந்து பெரட்டு நான்தான் எடுப்பேன். இன்னிக்கே ஆரம்பிச்சிர்றேன்."

அடுத்த டிரிப் என்று அவள் சொன்னது என் காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, என் பக்கத்தில் வந்து நின்று, என் உச்சந்தலையில் கொஞ்சம் பலமாகவே ஒரு தட்டுத் தட்டினாள்.

"ஒண்ணு" என்றாள்.