கவுன்சிலரின் ரகசிய எண்

டோரினின் கடை என்பது ஒரு சோலார் பலகை, ஒரு பழைய பேட்டரி, அதிலிருந்து கிளம்பும் இருபது ஒயர்கள். மலைமேல் இருக்கும் அந்தச் சந்தைக்கு வருபவர்களின் போன்களுக்கு சார்ஜ் ஏற்றித் தருவாள். கெங்கா குலத்தாரும் வருவார்கள், மொரோப்பா குலத்தாரும் வருவார்கள். மூன்று வருடச் சண்டைக்குப் பிறகு, பன்றி வெட்டிச் சமாதானம் பேசி ஆறே வாரம்தான் ஆகியிருந்தது.

அன்று காலை ஒயரில் தொங்கிய போன்களில் பாதி ஒரே நேரத்தில் கத்தின. கெங்கா குலத்துக் கவுன்சிலர் பயஸின் செய்திக் கணக்கிலிருந்து ஒரு படம். வீடு ஒன்று கொழுந்துவிட்டு எரிகிறது. ‘ஓடைக்கு மேலே நம் கெங்கா வீட்டை மொரோப்பாக்காரர்கள் கொளுத்திவிட்டார்கள். கிளம்புங்கள்’ என்று கீழே எழுதியிருந்தது.

பக்கத்தில் சர்க்கரைவள்ளி விற்ற வெனி மொரோப்பாக்காரி. கிழங்குகளைப் பையில் அள்ளத் தொடங்கினாள்.

“உக்காரு வெனி. நீ ஓடினா அதையே சாட்சின்னு சொல்லுவானுங்க,” என்றாள் டோரின்.

அதற்குள் அவள் கொழுந்தன் டெம்பன் வெட்டுக்கத்தியோடு வந்துவிட்டான். பின்னால் பத்துப் பதினைந்து பேர். டோரின் எழுந்து வழியை மறித்தாள்.

“தள்ளுங்க அண்ணி.”

“தள்ளுறேன். படத்த ஒழுங்கா பாத்தியா?”

“பாக்க என்ன இருக்கு? வீடு எரியுது!”

“வீட்டுக்குப் பின்னால என்ன நிக்குது?”

அவன் போனை மூக்கருகே கொண்டுபோனான். “மரம்.”

“என்ன மரம்டா?”

டெம்பன் படத்தை மறுபடி பார்த்தான். “தென்ன.”

“இந்தக் குளிர்ல தென்ன காய்ச்சு எங்க பாத்த? ஒத்தத் தேங்கா வேணும்னாலும் கடற்கரையிலருந்து லாரி வரணும் நமக்கு!”

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டெம்பனின் கத்தி தானாகக் கீழே இறங்கியது.

அப்போதுதான் கவுன்சிலர் கையில் ஒலிபெருக்கியோடு மூச்சிரைக்க ஓடிவந்தார். “நான் அனுப்பல! சத்தியமா நான் அனுப்பல! காலையிலருந்து என் கணக்கே திறக்கல!”

“போனுக்கு வந்த ஆறு இலக்க நம்பர யாருக்காச்சும் சொன்னீங்களா?” என்று கேட்டாள் டோரின்.

அவர் குரல் இறங்கியது. “ஒருத்தன் போன் பண்ணி, நம்பரச் சொன்னா இலவச டேட்டா தர்றோம்னான்...”

“எவ்வளவு?” என்றான் டெம்பன்.

“ரெண்டு ஜிபி.”

“ரெண்டு ஜிபிக்கா எங்கள சாக அனுப்பினீங்க!”

டோரின் அவர் போனை வாங்கி, கணக்கைப் புதிதாகத் திறக்கக் கேட்டாள். எண் வந்தது, போட்டாள். திருடன் வெளியே, கவுன்சிலர் உள்ளே. “படம் பொய், எல்லாரும் வீட்டுக்குப் போங்க” என்று அவரையே பேசவைத்துப் பதிவு செய்து, இரு குலத்தாரின் குழுக்களுக்கும் அனுப்பினாள்.

டெம்பன் தலையைச் சொறிந்துகொண்டு வெனியின் எதிரே உட்கார்ந்து, பையிலிருந்த கிழங்குகளை எடுத்து அடுக்கினான்.

“பெருச மேல வை. வியாபாரம் தெரியாதா உனக்கு?” என்று வெனி அதட்டினாள்.

பிறகு, ஒவ்வொருவர் கணக்குக்கும் இரண்டாவது பூட்டாக ஒரு ரகசிய எண் போட டோரின் வரிசையில் நிற்கச் சொன்னாள். முதல் ஆள் கவுன்சிலர். முடித்ததும் பெருமை தாங்காமல் ஒலிபெருக்கியை உயர்த்தினார்.

“மக்களே! இனி எவனும் உள்ள நுழைய முடியாது. புது ரகசிய நம்பர் போட்டாச்சு. ரெண்டு, ஒம்பது, ஏழு...”

டோரின் பாய்ந்து ஒலிபெருக்கியைப் பிடுங்கினாள். சந்தையே சிரித்தது. வெனி கிழங்குக் குவியல் மேல் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

“மறுபடியும் மாத்தணும் கவுன்சிலரய்யா. போங்க, வரிசையில கடைசியா நில்லுங்க,” என்றாள் டோரின்.