கனவு ஓட்டும் ஆட்டோவுக்கு ரிட்டர்ன் காசு

நரேஷின் போன் தலையணைக்கடியில் துள்ளிக்கொண்டே இருந்தது. வேலை தேடுகிறவர்களும் வேலை கொடுக்கிறவர்களும் கூடிப் பேசும் அந்தத் தளத்தில் அவன் நேற்று போட்ட பதிவை ஊர் உலகமே பகிர்ந்துகொண்டிருந்தது. காலேஜ் முடித்ததிலிருந்து எத்தனையோ எழுதிப் பார்த்தான். அம்மா சுட்ட தோசையிலிருந்து தலைமைப் பண்பு கற்றுக்கொண்டதாகக்கூட எழுதினான். ஈ, காக்கா எட்டிப் பார்க்கவில்லை. இதுதான் பற்றிக்கொண்டது.

இன்று இன்டர்வியூவுக்கு ஆட்டோவில் போனேன்.

டிரைவர் காசு வாங்க மறுத்தார்.

ஏன் என்று கேட்டேன்.

"நான் ஆட்டோ ஓட்டவில்லை. கனவுகளை ஓட்டுகிறேன்" என்றார்.

அழுதுவிட்டேன்.

ஒத்துக்கொள்கிறீர்களா?

அன்று அவனுக்கு எந்த இன்டர்வியூவும் இல்லை. அல்சூர் ஏரிக்கரையில் ஆட்டோ கழுவிக்கொண்டிருந்த தாய்மாமா ஆதிகேசவனைப் படம் பிடித்து, கீழே இதை எழுதிவிட்டான். அவ்வளவுதான்.

போனைத் திறந்தால் ஒரு செய்தி காத்திருந்தது. வைட்ஃபீல்டில் கட்டில், மேசை, நாற்காலி வாடகைக்கு விடும் கம்பெனி. அதற்குப் பதிவுகள் எழுத ஆள் வேண்டுமாம். நிருபமா என்று ஒரு மேடம் எழுதியிருந்தார்: இன்று மதியம் வாருங்கள், முடிந்தால் அந்த டிரைவரையும் அழைத்து வாருங்கள்.

நரேஷ் பனியனோடு தெருவில் ஓடினான். ஆட்டோ ஸ்டாண்டில் மாமாவைச் சுற்றி ஒரே கூட்டம்.

"வாடா எழுத்தாளா!" என்றார் ஆதிகேசவன். "காலையில ஒரு பொண்ணு ஏறுச்சு. நீங்கதானே அந்தக் கனவு அங்கிள்னு கேட்டு போட்டோ எடுத்துக்கிச்சு. நீ எழுதினத தமிழ்ல படிச்சும் காட்டுச்சு. இன்னாமா எழுதிருக்கடா!"

"மாமா, வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. உன்னையும் கூட்டினு வரச் சொல்றாங்க. மெட்ரோவுல போய்ட்டு வந்துர்லாம்."

"மெட்ரோவா? கனவ ஓட்டுறவன் மெட்ரோவுல போனா நல்லாருக்குமா? இரு, சட்டைய மாத்தினு வரேன்."

புதுக் காக்கிச் சட்டை, நெற்றியில் விபூதி, வண்டிக் கண்ணாடியில் ஒரு முழம் மல்லிகை. ஆட்டோ பறந்தது. வழியெல்லாம் நரேஷ் கெஞ்சிக்கொண்டே வந்தான்.

"நீ ஒண்ணும் பேசாத மாமா. சும்னே சிரி. போதும்."

"எனக்குத் தெரியாதாடா? நான் பாத்துக்கறேன்."

கண்ணாடி அறையில் நிருபமா அவர்களை உட்காரவைத்தார். வளர்ந்ததெல்லாம் கன்னடம் பேசும் மல்லேஸ்வரம் என்றாலும் தமிழ் நன்றாகவே வந்தது.

"வாங்க சார். எப்படி இந்த எண்ணம் வந்தது உங்களுக்கு?"

ஆதிகேசவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"நான் படிக்கல."

நிறுத்தினார்.

"ஆனா ரோடு என்னைப் படிச்சுது."

மறுபடி நிறுத்தி, ஒரு பெருமூச்சு.

"சிக்னல் சிவப்பா இருக்கும். அழக்கூடாது. பச்சை வரும்."

நரேஷுக்கு உடம்பெல்லாம் கூசியது. எழுதும்போது ஒவ்வொரு வரிக்கும் நடுவில் விட்ட இடைவெளி எவ்வளவு கம்பீரமாக இருந்தது! அதையே ஒரு மனிதர் எதிரே உட்கார்ந்து பேசினால், யாராவது இவருக்குத் தண்ணீர் கொடுங்களேன் என்று தோன்றியது. இவ்வளவு நாளும் நானும் இப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேனா?

"இன்னொண்ணு சொல்றேன் மேடம்," என்று மாமா விரலைத் தூக்கினார். "ஒத்துக்கறீங்களா?"

"எதை சார்?"

"அது... பொதுவா."

நிருபமா உதட்டைக் கடித்துக்கொண்டு எழுந்தார். "ரொம்ப சந்தோஷம் சார். நரேஷ்கிட்ட தனியா கொஞ்சம் பேசணும். நேரம் ஆகும். நீங்க கிளம்பறதுன்னா கிளம்புங்க."

கிளம்புவது என்ற சொல் காதில் விழுந்ததும் கனவு ஓட்டுநர் காணாமல் போனார். அல்சூர் ஸ்டாண்ட் ஆதிகேசவன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சரிடா, அப்போ மீட்டர் காசக் குடு. ரிட்டர்னுக்கும் சேத்துக் குடு. இங்கேருந்து காலியா போவணும்."

"மாமா!"

"இன்னாடா மாமா? வண்டிக்கு கேஸு உங்கப்பனா ரொப்புவான்? வைட்ஃபீல்ட் வந்தா ரிட்டர்ன் உண்டு. அக்கா பையன்னாலும் உண்டு. ஸ்டாண்டுல யாரையாவது கேளு!"

வேலை போயிற்று என்று நரேஷ் முடிவு கட்டினான்.

"அப்போ அந்த போஸ்ட்?" என்றார் நிருபமா.

"பொய் மேடம். இவர் எங்க தாய்மாமா. இன்டர்வியூவும் கிடையாது, நான் அழவும் இல்ல."

"இந்த வாரம் மட்டும் காசு வாங்காத டிரைவர் எத்தனை பேரைப் பத்திப் படிச்சேன் தெரியுமா? ஒருத்தராவது நிஜமா இருக்காரான்னு பாக்கத்தான் கூப்பிட்டேன்." அதற்கு மேல் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். "எனக்கு ஒரு மீட்டிங் இருக்கு. வரதுக்குள்ள இப்போ இங்க நடந்ததை அப்படியே எழுதிவைங்க. நல்லா இருந்தா மேல பேசலாம்."

நரேஷ் மேசையில் இருந்த லேப்டாப்பை இழுத்துக்கொண்டான். ஒரு வாக்கியம் முடிந்ததும் விரல் தானாக அடுத்த வரிக்குத் தாவியது. அழித்தான். பழக்க தோஷத்தில் ராக்கெட் எமோஜி ஒன்று வந்து விழுந்தது. அதையும் அழித்தான். புதுச் சட்டை, மல்லிகை, சிவப்பு சிக்னல், ரிட்டர்ன் காசு எல்லாம் ஒரே மூச்சில் வந்தன. எழுதும்போதே சிரிப்பு வந்தது. இதுவரை எழுதிய எதற்கும் இப்படி வந்ததில்லை.

"கடைசில ஒரு பாடம் போடுடா," என்று மாமா தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "ஆட்டோவிலிருந்து நான் கத்துக்கிட்டதுன்னு."

"வேணாம் மாமா."

நிருபமா திரும்பி வந்து நின்றபடியே படித்தார். நடுவில் ஒருமுறை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கதவைத் திறந்து வெளியே இருந்த உதவியாளரைக் கூப்பிட்டார்: "பவுலின், இவருக்கு ஆஃபர் லெட்டர் ரெடி பண்ணுங்க. திங்கட்கிழமையிலேருந்து வரார்."

லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் இருவரும் படியிலேயே ஓடி இறங்கினார்கள். ஆதிகேசவன் ஸ்டாண்டுக்குப் போன் போட்டுக் கத்தினார்: "நம்ம பையனுக்கு வேலை கெடச்சிருச்சுப்பா!"

நடுவில் நிறுத்தவே இல்லை.

நரேஷ் பின் சீட்டில் தாவி ஏறினான். "மாமா, நானும் உன்கூடதான் வரேன். ரிட்டர்ன் காலி இல்ல. இப்போ இன்னா பண்ணுவ?"

ஆதிகேசவன் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு கையை நீட்டி மீட்டரைப் போட்டார்.